ஆரியா... பைய, மருமவனே!

ஏ மருமவனே, இங்கன வா. அந்த நாற்காலில உக்காராதே, ஒரு காலு ஆடும். ஒங்க வீட்டுப் பரண்லேர்ந்து எறங்குன நாற்காலிதான். "நல்லாத்தான இருக்கு, வச்சுக்கோடா தம்பி"ன்னு ஒங்க அம்மா என் தலையில கட்டிட்டா. நீ திண்ணையில உக்காரு.

நாளைக்குப் பரணைச் சுத்தம் பண்ணப் போறியாமே? அக்கா போன்ல அழாத குறையாச் சொன்னா. ஏதோ வீடியோ பாத்தியாம். ஒரு வருசமாத் தொடாத சாமான் எதுவா இருந்தாலும் தூக்கி எறியணும்னு அதுல ஒரு அம்மா சொல்லுதாவளாம். நல்ல சட்டந்தான். அந்தக் கணக்குப்படி ஒங்க வீட்ல மொதல்ல எறிய வேண்டியது ஒன் டிகிரி சர்டிபிகேட்டு. ரெண்டாவது நான். என் காலைத் தொட்டுக் கும்பிட்டு நீ ரூவா வாங்கி மூணு பொங்கல் ஆச்சு.

மெயின்லேண்டுல இருக்கவனுக்கு அந்தச் சட்டம் செல்லும்லே. இன்னைக்கு எறிஞ்சா நாளைக்கு முக்குக் கடையில வேற வாங்கிக்கிடுவான். நாம இருக்கது அந்தமான்ல, ஹேடோ. இங்க ஆணி வந்தது கப்பல்ல. ஆணியை அடிக்கச் சுத்தியல் வந்தது கப்பல்ல. அடி வெரல்ல பட்டா அதுக்குப் போடுத மருந்தும் கப்பல்ல. மெட்ராஸ்லேர்ந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தண்ணி, மூணு நாளு ஆட்டம். ஹர்ஷவர்தனா, நான்கவுரி, ஸ்வராஜ் தீப்புன்னு எத்தனையோ கப்பலு நம்ம ஜெட்டியில வந்து ஊதியிருக்கு. அத்தனையிலயும் மூட்டை எறங்குனதைப் பாத்துருக்கேன். திரும்பிப் போகையில நம்ம பழைய சாமானை ஏத்திக்கிட்டுப் போன கப்பலு ஒண்ணுகூடப் பாக்கலை. முப்பது வருசம் வார்ஃபுல சரக்கு எறக்குனவன் சொல்லுதேன். வாரது வந்துக்கிட்டே இருக்கு, போறது போக மாட்டேங்கு. அப்பம் எங்க போயி நிக்கும்? ஒங்க அம்மா பரண்லதான்.

ஊருப் பேரையே 2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாக. டெல்லியில ஒரு கையெழுத்து, போர்ட்பிளேரு போச்சு. ஒங்க அம்மா பரண்லேர்ந்து ஒரு ஓட்டை வாளியைக் கீழ எறக்கச் சொல்லிப் பாரு, அதுக்கு எந்த மந்திரி கையெழுத்தும் செல்லாது.

அவளைக் குத்தம் சொல்லவும் முடியாது. வாளி என்னத்துக்குன்னு கேக்கே. மார்ச்சு ஏப்ரல்ல தனிக்காரி அணை வத்தி, குழாய்ல தண்ணி நாலு நாளைக்கு ஒரு தடவை வரும்லா, அப்பம் தெரியும் வாளியோட அருமை. ஓட்டையைத் தாரு வச்சு அடைச்சா அதுலயும் பத்து லிட்டரு நிக்கும்.

பரண்ல கெடக்குத பலகைங்களும் அப்படித்தான். சாத்தம் மில்லு நமக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கந்தான இருக்கு? 1883-ல ஆரம்பிச்ச மர மில்லு. சண்டைக் காலத்துல குண்டு விழுந்த பள்ளத்தை இன்னைக்கும் டூரிஸ்ட்டுக்குக் காட்டுதாக. ஒரு காலத்துல படாக்குப் பலகை இங்க வெறகு மாதிரி கெடந்துச்சு. கர்ஜன் மரத்தை ஏறெடுத்தும் பாக்க மாட்டோம். 2002 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு காடு வெட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டுச்சு. அன்னையிலேர்ந்து மரம் தங்கமாப் போச்சு, வீடெல்லாம் சிமிண்டாப் போச்சு. ஒங்க தாத்தா பழைய வீட்டைப் பிரிச்சப்போ எடுத்து மேல போட்ட படாக்குச் சட்டம் எட்டோ ஒம்பதோ அங்க கெடக்கு. செதலு அதைத் தொடாது. அதைப் போயி ஒரு வருசம் தொடலைன்னு எறிஞ்சியானா ஒன்னைய மாதிரி கோட்டிக்காரன் இந்தத் தீவுலயே கெடையாது. எறியுத எண்ணம் இருந்தா எறி, நான் வேண்டாங்கலை. எறியும்போது எங்க வீட்டு வாசல் பக்கமாப் பாத்து எறி.

சரி, வேலைக்கு வாரேன். பரணும் கப்பல் ஹேச்சும் ஒண்ணுதான். ரெண்டுலயும் வேக்காடு, ரெண்டுலயும் இருட்டு. சாமானை அடுக்குனவன் செத்துப் போயிருப்பான், எறக்குதவன்தான் மாட்டிக்கிடுவான்.

எத்தனை மணிக்கு ஏறப் போறே? பத்தரைக்கா! நல்லா இருப்பே. ஒங்க வீட்டுக் கூரை தகரம்லே. ஒம்பது மணிக்கு மேல உள்ள போனா வெந்த இட்லியாத்தான் வெளிய வருவே. மயக்கம் வந்து பரண் ஓரத்துல உக்காந்தா அடுத்த உக்காருத எடம் கீழ தரைதான். நம்ம ஊருல விடியுதது வெரசால்லா? இந்த மாசத்துல ஆறு மணிக்கு முன்னாடியே பளிச்சுன்னு இருக்கும். டீயைக் குடிச்சிட்டு அப்பமே ஏறு, ஒம்பதுக்கு எறங்கிரு. மிச்சத்தை மறுநாளு பாரு. நாப்பது வருசமாச் சேந்தது ஒரு நாள்ல போகணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து?

ஏறுததுக்கு முன்னாடி மெயினை அணை. வெளக்கு ஒரு சுவிச்சு மட்டும் இல்ல, மெயினு. மேல போற வயரோட தோலை எலி எந்த எடத்துல உரிச்சு வச்சிருக்கோ, அது எலிக்கும் எமனுக்குந்தான் தெரியும். டார்ச்சைத் தலையில கட்டிக்க, ரெண்டு கையும் வேலைக்கு வேணும். அந்த எதிர்வீட்டு அலுமினிய ஏணியைக் கடன் வாங்காதே. அதை வாசல்ல நிமித்துனா போஸ்ட்டுலேர்ந்து வார வயர்ல மேல்முனை முட்டும். நம்ம மூங்கி ஏணி போதும். நாலடி ஒசரத்துக்கு அடிக்காலு ஒரு அடி தள்ளி நிக்கட்டும். மேல்முனை பரண் வெளிம்புக்கு மேல மூணடி நீட்டிக்கிட்டு இருக்கட்டும், எறங்கையில கைக்குப் புடி வேணும்லா. அடியில சாக்கைப் போடாதே, சாக்கு வழுக்கும்.

மேல போனா எங்க கால் வைப்பே? பலகையிலங்கே. அதுதான் தப்பு. பலகை தடுப்புக்குப் போட்டது, ஆளு நிக்க இல்ல. அடியில குறுக்க ஓடுத சட்டத்தைக் கண்டுபுடி. ஆணி வரிசை எங்க இருக்கோ அங்க சட்டம் இருக்கும். அந்த வரிசையிலயே நட. ஒங்க அப்பா ஒருநா பலகைக்கு நடுவுல கால வச்சாரு. நான் கீழ சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். சாம்பாருக்கு மேல ஒரு முழங்காலு வந்து தொங்குச்சு. "அத்தான், கறி வேண்டாம், இன்னைக்கு வெள்ளிக்கெழமை"ன்னேன். அன்னையிலேர்ந்து என்கூட ரெண்டு மாசம் பேச்சு இல்ல.

எறக்குத மொறைக்கு வருவோம். வார்ஃபுல புதுசா வார பயலுவளுக்கு மொதல் நாளு ஒரே பாடந்தான்: தொங்குத சரக்குக்கு அடியில நிக்காதே. நீ மேல நின்னு "புடிலே"ன்னு கத்துவே, ஒன் தம்பி கீழ ரெண்டு கையையும் விரிச்சு கிரிக்கெட்டு கேட்ச்சு புடிக்க நிப்பான். வாரது பந்து இல்ல, பித்தளை அண்டா. கயித்தைக் கட்டு, சாக்குக்குள்ள போட்டு எறக்கு. கீழ நிக்கவன் ஒதுங்கி நின்னு கயித்தைப் பாத்துக்கிட்டுச் சொல்லணும்: "ஆரியா... ஆரியா..." அப்படின்னா எறக்கு, பைய எறக்குன்னு அர்த்தம். எந்த ஊரு பாசைன்னு கேக்காதே, கப்பல்காரன் பாசை. தமிழன், தெலுங்கன், பெங்காலி, ராஞ்சிக்காரன் எல்லாத்துக்கும் வார்ஃபுல அந்த ஒரு சொல்லு புரியும். வீட்ல ஒருத்தன் சொன்னா ஒருத்தனுக்குப் புரியாது, அதனாலதான் அண்டா தலையில விழுது.

மேல கெடக்கத மொதல்ல எடு. அடியில பளபளன்னு ஏதாவது தெரிஞ்சா உருவக் கூடாது. நீ உருவுவே. எனக்குத் தெரியும். அந்தப் பச்சைக் கேன்வாஸ் ஹோல்டால் ஒண்ணு கெடக்கும் பாரு, கப்பல்ல பங்க் கிளாசுக்குப் படுக்கை சுத்திக்கிட்டு வாரது, அது மேல பாரம் நெறைய இருக்கும். அதை மட்டும் இழுக்காதே. சும்மா சொல்லுதேன்.

இப்பம் அங்க குடியிருக்கவங்களைப் பத்திச் சொல்லணும்லா? வாடகை குடுக்காத சனம். மொதல்ல பூரான். இந்திக்காரன் கன்கஜூராங்கான். பேரு எதுவா இருந்தா என்ன, கடி ஒண்ணுதான். நம்ம தீவுப் பூரான் மெயின்லேண்டுப் பூரானுக்குப் பெரியப்பன். எனக்கு இருபத்திரெண்டு வயசுல கட்டைவெரல்ல கடிச்சுச்சு, இதே மாதிரி ஒரு பரண்ல, பழைய செருப்புக்குள்ள கையை விட்டேன். நான் ஏணியைத் தொடாமலேயே எறங்கிட்டேன். வெந்நியில, தோலு தாங்குத சூட்டுல, கைய முக்கி வச்சுக்கிட்டு ராவெல்லாம் உக்காந்திருந்தேன். வலி விடிஞ்சாப்லதான் கொறைஞ்சுச்சு. அன்னைக்கு நான் போட்ட சத்தம் கடலுக்கு அந்தாண்ட பாம்பூ ஃப்ளாட் வரைக்கும் கேட்டுச்சுன்னு ஒங்க அத்தை இன்னும் சொல்லிக்காட்டுதா. அதனால எதையும் கையால தொடங்காதே. குச்சியால தட்டு, சத்தம் போடு, பொறவு தொடு. தோலு கையுறை போடு, பேண்டுக் காலை சாக்சுக்குள்ள செருவு. பாக்கச் சகிக்காதுதான். ஒன்னைய யாரு பாக்கா?

பாம்பு இருக்கும்னு பயமுறுத்தலை. எலி இருந்தா பின்னாலேயே அது வரும், அம்புட்டுதான். சாரைன்னா சரி. ஆனா நம்ம தீவுக்குன்னே தனியாக் கட்டுவிரியன் இருக்கு, தனியா நாகம் இருக்கு, ஒலகத்துல வேற எங்கயும் கெடையாது. ஆசுபத்திரியில வச்சிருக்க விசமுறிவு மருந்து மெயின்லேண்டு நாலு வகைப் பாம்பு விசத்தை வச்சுத் தயாரிச்சது. நம்ம பாம்பு அந்த ரேசன் கார்டுல இல்ல. கண்டா ஒதுங்கு, காட்டிலாகா ஆளைக் கூப்பிடு. கடிச்சிட்டா கயித்தைக் கட்டுதது, கீறுதது, வாயால உறிஞ்சுதது எல்லாம் சினிமாவோட போகட்டும். கையைக் காலை அசைக்காம ஜி.பி. பந்த் ஆசுபத்திரிக்கு ஓடு. ஓடுன்னா நீ ஓடாதே, வண்டி ஓடட்டும்.

பூரானையும் பாம்பையும் விட நான் பயப்படுதது எலி மூத்திரத்துக்கு. சிரிக்காதே. 1988-ல திக்லிபூரு பக்கம் ஒரு காய்ச்ச வந்துச்சு. சனம் இருமி இருமி ரத்தமாக் கக்குச்சு, செலபேரு செத்துப் போனாக. என்ன நோவுன்னு யாருக்கும் தெரியலை, 'அந்தமான் ரத்தக் காய்ச்சல்'னு நம்ம ஊரு பேரையே அதுக்கு வச்சுட்டாக. அஞ்சாறு வருசம் கழிச்சுத்தான் அது லெப்டோ, எலிக் காய்ச்சல்னு கண்டுபுடிச்சாக. வேடிக்கை என்னன்னா, டெய்லர், கோய்ல்னு ரெண்டு டாக்டருமாரு இந்தத் தீவுல எலிக் காய்ச்ச இருக்குன்னு 1931-லயே பொஸ்தகம் போட்டிருக்காக. அந்தப் பொஸ்தகத்தையும் யாரோ பரண்ல போட்டுட்டாக போலிருக்கு. இப்பம் டாலிகஞ்சுல ஆராய்ச்சிக்கூடமே இருக்கு.

அதனால எலிப் புழுக்கையைக் கண்டதும் வெளக்குமாத்தை எடுத்து வரட்டு வரட்டுன்னு கூட்டாதே, தூசி மூக்குக்குள்ள போகும். பிளீச்சிங் பவுடரைத் தண்ணியில கரைச்சு மேல தெளி, அஞ்சு நிமிசமாவது ஊறட்டும், பொறவு ஈரத் துணியால வழிச்சு எடு. பவர் பத்தலைன்னு கக்கூசு கழுவுத ஆசிடை அதுல ஊத்திராதே, வார புகையில பரண்லயே மூச்சு முட்டிரும். கையில காலுல சின்னக் கீறலு இருந்தாலும் மூடிக்கட்டு. அது வழியாத்தான் அந்தக் கிருமி உள்ள போகும். எறங்குனதும் சோப்புப் போட்டுக் குளி. ஒரு மாசத்துக்குள்ள காய்ச்ச, கெண்டைக்கால் வலி, கண்ணு செவப்பு வந்தா டாக்டருகிட்ட "பரண்ல ஏறுனேன், எலி இருந்துச்சு"ன்னு மொதல் வார்த்தையாச் சொல்லு. வெக்கப்பட்டுக்கிட்டு "சும்மா காய்ச்ச"ன்னு சொல்லாதே.

இத்தனையும் சொல்லிட்டு, பரண்ல ஒண்ணுமே வைக்கக் கூடாதாங்கே? வைக்கலாம். இன்னது வைக்கலாம்னு இருக்குல்லா. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கெழமை, காலையில ஆறரை மணி. நீ தொட்டில்ல கெடந்தே. நான் ஒங்க வீட்லதான் படுத்திருந்தேன். வீடு ஊஞ்சலு மாதிரி ஆடுச்சு. பொறவு கடல் வந்ததும், தெக்கு அந்தமான் தரையே ஒரு மீட்டரு போல உள்வாங்குனதும், சிப்பிகாட்டு வயலெல்லாம் உப்புத்தண்ணியில போனதும் ஒலகத்துக்கே தெரியும். அதுக்கு முன்னாடி ஒங்க வீட்ல நடந்தது எனக்கும் ஒங்க அம்மாவுக்குந்தான் தெரியும். பரண்லேர்ந்து ஆட்டுக்கல்லு எறங்குச்சு. ஆமாலே, ஆட்டுக்கல்லு! கிரைண்டரு வாங்குன சந்தோசத்துல மூணு பேரைச் சேத்து அதைப் பரண்ல ஏத்தி வச்ச புண்ணியவான் ஒங்க அப்பா. நான் படுத்திருந்த தலையாணியில அது உக்காந்துச்சு. ஒண்ணுக்கு வந்து எந்திரிச்சதால நான் இன்னைக்கு ஒனக்குப் புத்தி சொல்லுதேன். பூகம்பத்துக்கு நாட்டுலயே மேல்சாதி நாம. பரண்ல பஞ்சு வை, கூடை வை, காலி டிரம்மு வை. கனத்ததெல்லாம் தரையில கெடக்கட்டும். படுக்கைக்கு மேல எதுவும் வேண்டாம்.

சரி, எறக்குனதை என்ன செய்வே? போகிக்கு எரிச்சிரலாமா! அதானே பாத்தேன். 2018-ல மெட்ராஸ்ல போகி அன்னைக்குப் புகையில ஏரோப்பிளேனு எறங்க முடியாமத் திரும்பிப் போச்சு. பிளாஸ்டிக்கையும் டயரையும் எரிச்சுப் பழையன கழிக்கேன்னு நுரையீரலைக் கழிச்சிராதே. எரிக்குததுல இன்னொரு கூத்தும் இருக்கு. நம்ம பூர்வீகம் சங்கரன்கோயில் பக்கம்லா, அங்கன கரிவலம்வந்தநல்லூருக்கு உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிப் போனாரு. வரகுணராம பாண்டியர் வச்சிருந்த சுவடியெல்லாம் கோயில்ல இருக்கும்னு கேள்விப்பட்டுப் போனா, பழைய ஏட்டைக் கண்ட எடத்துல போடக் கூடாதுன்னு ஆகமத்துல இருக்கு, அதனால நெய்யில தோச்சு ஓமத்துல போட்டுட்டோம்னு சொல்லிருக்காக. எம்புட்டு மரியாதை பாரு! நெய்யி வேற செலவு. அவரு 'என் சரித்திர'த்துல எழுதி வச்சிருக்காரு. ஒங்க வீட்ல சங்கத்தமிழ் இருக்காது. ஆனா வீட்டுமனைக் காகிதம், தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாருங்கதுக்கு அத்தாட்சி, பழைய ரேசன் கார்டு எல்லாம் கடுதாசிக் கட்டுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும். இங்க எப்பம் வந்தேன்னு கேக்குத ஆபீசுல, அந்த மக்குன தாளுதான் பேசும். ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாரு.

தாத்தா பொறக்குன பவளத்துண்டும் பெரிய சங்கும் ஒரு பெட்டியில இருக்கும். அழகா இருக்கேன்னு மெயின்லேண்டு சிநேகிதனுக்குப் பொட்டலம் கட்டாதே. சட்டத்துல தடை, ஏர்போர்ட்டுல பையைத் திறந்து காட்டச் சொல்லுவாக. துருப்புடிச்ச இரும்பு உருளை, கூம்பு மாதிரி ஏதாவது கெடச்சா சுத்தியலால தட்டிப் பாக்கவே கூடாது. 1942-லேர்ந்து மூணு வருசம் ஜப்பான்காரன் இருந்த ஊரு இது. அவன் விட்டுட்டுப் போனதுல, ஒங்க அம்மா கத்திரிச்செடியைத் திங்குதே ஆப்பிரிக்கா நத்தை, அது ஒண்ணுதான் வெடிக்காது. வச்ச எடத்துலயே வச்சுட்டு எறங்கி வந்து போலீசுக்குச் சொல்லு.

அம்புட்டுதாம்லே. காலையில ஆறு மணிக்கு நானும் வாரேன். ஏற மாட்டேன், முட்டி ஒத்துக்கிடாது. கீழ நின்னு ஆரியா சொல்லுதேன். படாக்குச் சட்டம் எட்டையும் எண்ணி வாங்கிக்கிடுதேன்.

அப்பொறம் அந்தப் பச்சை ஹோல்டாலு. வாரு ரெண்டும் இத்துப் போயிருக்கும், மேல இருக்க பாரத்தை எடுத்ததும் பிரிஞ்சிராமக் கயித்தால சுத்திக் கட்டி அடுத்த லோடுலயே எறக்கிரு. பிரிச்சுப் பாக்காதே. ஒன் அம்மாகிட்ட என்னன்னு கேக்காதே, அவளுக்கும் தெரியாது. நான் கல்யாணத்துக்கு மொத நாளு ராத்திரி ஏணி போட்டு ஏத்துனது. எறக்குனதும் நேரா என் கையில குடு, ஒனக்கு மூணு பொங்க ரூவாயையும் சேத்துத் தாரேன்.

மெல்லப் பேசுலே, அத்தை உள்ளதான் இருக்கா.